எழுபதாவது கிலோமீட்டரில் ஒரு தேங்க்ஸ்

என் வீட்டுக்காரர் யாருக்கும் தேங்க்ஸ் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்டு வெளியே விட்டு, அவர்கள் கையெடுத்துக் கும்பிடும்போதுகூட, "பட்டனை எதுக்கு நாலு தடவை அமுக்குறீங்க? ஒரு தடவை அமுக்கினா அதுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டு வருகிற ஆள். சாப்பாடு நன்றாக இருந்தால் வாயைத் திறக்க மாட்டார். நன்றாக இல்லாவிட்டால் மூட மாட்டார். கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறேன். போகப்போகத்தான் பிடிபட்டது, இந்த மனுஷர் குறை சொல்கிறார் என்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். கடைசியில், "வெறும் வாயுதான், எடையைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு விஷயம் அதோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் போன் அடித்தால் போதும், எதிரே எழுத்துப் படித்துக்கொண்டிருப்பவரை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார் அவர். பேய்தான். ஆனால் என் வீட்டுப் பேய், எனக்குத்தானே தெரியும்.

எடையைக் குறைக்க நடக்கப் போனவர் ஓட்டக் குழுவில் சேர்ந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. முதலில் ஐந்து கிலோமீட்டர் என்றார். பிறகு பத்து, இருபது, முழு மாரத்தான். மாரத்தான் ஓடினவர்களுக்கு மாரத்தான் பத்தாதாம், அதுவும் அப்போதுதான் தெரிந்தது. இந்த வருஷம் குழுவே சேர்ந்து ஏரியைச் சுற்றி நூறு கிலோமீட்டர் ஓடப்போகிறது என்று அறிவித்தார்கள். பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது, நூறு கிலோமீட்டரைக் காலால் கடக்க என்ன வேண்டுதல் என்று கேட்டுப் பார்த்தேன்.

குழுவின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் மனைவியை எல்லோரும் டாக்டரம்மா என்போம், ஆனால் அவர் வேலை பார்ப்பது வங்கியில். ஆக மொத்தக் குழுவுக்கும் டாக்டர் என்று இருந்தது ஒரே ஒருவர், அவருக்கும் அதிகாரம் கழுத்துக்கு மேலேதான்.

இந்தக் குழுவில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஜோடி மாற்று. நெடுந்தூரப் பந்தயத்தில் வழியெல்லாம் மேசை போட்டுத் தண்ணீரும் தீனியும் வைத்திருப்பார்கள். அங்கே ஓடுகிறவரைக் கவனிக்க அவருடைய ஆள் ஒருவர் நிற்கலாம். போன வருஷம் குழுவில் பேக்கரி வைத்திருக்கும் ஒரு தம்பிக்கு அவர் மனைவி நின்றாள். அவர் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். மறுநாள் கால் சரியாகிவிட்டது, மனசுதான் இன்னும் ஆறவில்லை. அதிலிருந்து சொந்தப் பெண்டாட்டியோ புருஷனோ மேசையில் நிற்கக்கூடாது, ஓடுகிறவரே நிறுத்துகிறேன் என்றாலும் விடக்கூடாது என்று விதி. என் வீட்டுக்காரருக்கு டாக்டரம்மா. பல் டாக்டருக்கு நான். இவர் வரும் நேரம் நான் வேனுக்குள் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விதி, பாட்டில் காலியாகணும். ஒரு தடவை பயிற்சியில் மூன்று பேர் வெயிலில் சுருண்டுவிட்டார்கள். தண்ணீர் குறைவாகக் குடித்ததால்தான் என்று முடிவுகட்டிய பல் டாக்டர், இனி ஒவ்வொரு மேசையிலும் ஒரு முழு பாட்டிலைக் கண்ணெதிரே குடித்துக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை. தண்ணீர்தானே, விஷமா என்ன.

கிளம்புமுன் என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொன்னார். "நான் மேசைக்கு வரும்போது நீ வேனை விட்டு இறங்கக்கூடாது. நடுவழியில வந்து நிக்கவே கூடாது. சொந்த ஆள் நடுவுல வந்து தொட்டா பந்தயக்காரங்க வெளியே போன்னுடுவாங்க. ஒரு வருஷ உழைப்பு. புரியுதா?"

"நல்லாப் புரியுது" என்றேன்.

பொழுது விடிந்ததும் ஓட ஆரம்பித்தார்கள். பேக்கரித் தம்பி இந்த வருஷம் ஓடவில்லை, வேன் ஓட்டினார். அவரும் டாக்டரம்மாவும் நானும் மேசை மேசையாகப் போனோம். என் வீட்டுக்காரர் எப்போதும் பல் டாக்டருக்கு அரை மணி நேரம் முன்னால் வந்தார். நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன்.

"வாழைப்பழமா இது? கல்லு மாதிரி இருக்கு."

"இந்த வெயில்ல எவன்யா பந்தயம் வச்சான்?"

"பிஸ்கட் நமுத்துப் போச்சு. யார் வாங்கினது?"

எனக்கு அது பாட்டுக் கச்சேரி மாதிரி இருந்தது. பிஸ்கட் வாங்கினது நான்தான், இருந்தாலும் சந்தோஷம். டாக்டரம்மா வங்கிக்காரர் இல்லையா, ஒரு சொட்டு பாக்கி வைக்க விடமாட்டார். "குடிங்க, முழுசாக் குடிங்க, பாட்டிலைக் கவுத்துக் காட்டுங்க" என்பார். இவரும் முனகிக்கொண்டே கவிழ்த்துக் காட்டுவார்.

அறுபதாவது கிலோமீட்டர் மேசையில் முனகல் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபதாவதில் அவர் வரும் சத்தம் கேட்டதும் திரையின் ஓரத்தில் ஒரு கண்ணை வைத்தேன். முகம் கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தது. வெயில் என்று சமாதானம் செய்துகொண்டேன். டாக்டரம்மா பாட்டிலை நீட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு சிரித்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க. உங்களுக்குத்தான் எவ்வளவு சிரமம்."

அவர் பிஸ்கட்டை எடுத்தார், நன்றாக இருக்கிறது என்றார். பேக்கரித் தம்பியின் தோளைத் தட்டினார். குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த தொண்டர் பெண்ணுக்கு ஒரு வணக்கம் வைத்தார். அப்புறம் கையை ஆட்டிக்கொண்டே ஓடிப்போனார். எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு மலர்ச்சி.

நான் வேனிலிருந்து குதித்தேன். "டாக்டரம்மா, அவருக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்காரு! இன்னைக்குத்தான் மனுஷன் மாதிரி பேசுறாரு."

"அதுதாங்க பயமா இருக்கு."

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷமா ஏங்கினது கிடைச்சிருக்கு, அனுபவிங்களேன். பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு, பழத்தைக் கோவிச்சுக்கிறீங்களே!" என்றவர், ஏதோ ஞாபகம் வந்து பையைத் துழாவினார். "மறந்தே போச்சு. போன மேசையில இதை உங்ககிட்டக் கொடுக்கச் சொன்னாரு. விரல்ல இறுக்குதாம். குழாயடிக்குப் போய் சோப்பு போட்டுக் கழட்டினோம்."

அவருடைய கல்யாண மோதிரம்.

மூன்று மாதத்தில் அவர் இளைத்த இளைப்பில் அந்த மோதிரம் கழன்று விழுகிறது என்று நூல் சுற்றிக் கொடுத்தவள் நான். நூல் அப்படியே இருந்தது. அது எப்படி இறுக்கும்? கேட்டேன். "வெயில்ல விரல் வீங்கும்தான்" என்றார் டாக்டரம்மா. இருக்கலாம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.

என்ன செய்வது? பல் டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார், அவருக்கு நான்தான் ஆள். ஒரு மனிதர் மரியாதையாகப் பேசிவிட்டார் என்பதற்காகப் பந்தயத்தை நிறுத்தப் போகிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் எதால் சிரிப்பார்கள் என்றே தெரியாது. போய்ப் பார்த்து, அவர் நன்றாக இருந்தால்? என்னால் வெளியேற்றப்பட்டால், ஒரு வருஷ உழைப்பு என்று ஆயுசு முழுக்கச் சொல்வார், அதில் நியாயமும் இருக்கும். போகாமல் இருந்து, அவர் நன்றாக இல்லாவிட்டால்? அதை நினைக்கும்போதே கை மோதிரத்தை இறுக்கிக்கொண்டது. வலித்தது.

ஓடுகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று போனில் ஒரு புள்ளி காட்டும். அவர் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்ந்தது. மெதுவாக நகர்ந்தது. பிறகு பாதையை விட்டுக் கொஞ்சம் விலகி நின்றது.

"ஒதுங்கப் போயிருப்பாரு" என்றார் பேக்கரித் தம்பி.

காத்திருந்தேன். புள்ளி அசையவில்லை.

"தம்பி, வண்டியை எடுங்க."

"அண்ணி, விதி..."

"உங்க விதியைத் தூக்கி உடைப்புல போடுங்க. வண்டியை எடுக்குறீங்களா, நான் ஓடட்டுமா?"

எடுத்தார். டாக்டரம்மா பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையை ஒட்டிப் பூட்டிக் கிடந்த ஒரு பம்பு அறை. அதன் சுவருக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். சுவரில் ஒரு போல்ட் நீட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் அமுக்கினார். தலையை உயர்த்திப் பார்த்தார். மறுபடி அமுக்கினார்.

நான் பக்கத்தில் போனதும் நகர்ந்து இடம் விட்டார். "வந்துடும்ங்க. மேலே எங்கேயோ நிக்குது. அவசரம்னா படிக்கட்டு அந்தப் பக்கம் இருக்கு."

"என்னங்க... நான்தாங்க."

"சொல்லுங்க மேடம்."

இந்த மனிதரோடு இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறேன். என்னை அவர் கூப்பிடாத பெயர் இல்லை. மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவர் என் முகத்தைத்தான் பார்த்தார். முகம் பார்க்கிறவரின் கண் எங்கே நிற்கும் என்று கடையில் தினமும் பார்க்கிறவள் நான். அவர் கண் என் மேல் நின்றது, ஆனால் என்னிடம் வந்து சேரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"தொடக்கூடாதுங்க. தொட்டா வெளியே போன்னுடுவாங்க. தப்பா நினைக்காதீங்க."

"உடம்பு சரியில்லைங்க உங்களுக்கு. வண்டியில ஏறுங்க."

"நான் நிறுத்துறேன்னு சொன்னாலும் விடக்கூடாதுன்னு பேச்சு. நான் இன்னும் நிறுத்துறேன்னே சொல்லலையே." அதைச் சொல்லிவிட்டு, பெரிய நியாயம் பேசிவிட்டதுபோலச் சிரித்தார். பிறகு குனிந்து வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர். அப்படி ஒரு தண்ணீர். நிமிர்ந்து, "மன்னிச்சுக்குங்க" என்றார்.

பேக்கரித் தம்பி அவரைத் தூக்கப் பார்த்தார். இவர் திமிறினார், இரண்டு பேருமே விழ இருந்தார்கள். நான் கத்தினேன். அழுதேன். "நான்தான்யா உன் பொண்டாட்டி" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் எனக்காக வருத்தப்பட்டார், அவ்வளவுதான்.

"உங்க வீட்டுக்காரரைத் தேடுறீங்களா மேடம்?"

அப்போதுதான் ஒன்று உறைத்தது. நான் அவருக்கு மூன்றாம் மனுஷி. மூன்றாம் மனுஷியாகவே பேசினால்தான் கேட்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சார், உங்க வீட்டம்மா என்னை அனுப்பினாங்க. உங்களை வண்டியில ஏறி வரச் சொன்னாங்க."

அவர் முகம் மாறியது. "அவளா சொன்னா?"

"ஆமா சார்."

"கோவமா இருக்காளா?"

"இல்லை சார். பயந்து போயிருக்காங்க."

"பயந்துட்டாளா?" என்றார். போல்ட்டிலிருந்து கையை எடுத்தார். "அப்போ போயிடலாங்க. அவ பயந்தா தாங்க மாட்டா."

வேனில் பின்சீட்டில் என் பக்கத்தில் மரியாதைக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். பேக்கரித் தம்பி பாவம், நல்லது செய்வதாக நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான்தான் வாங்கி இவர் கையில் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டி குலுங்கிக்கொண்டு போனது. அவர் சன்னமாகப் பேசிக்கொண்டே வந்தார், பக்கத்து சீட்டுப் பயணியிடம் பேசுவதுபோல.

"என் வீட்டுக்காரி ராத்திரி தூங்குறதில்லைங்க. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு மூக்குக்கிட்டக் கையை வச்சுப் பாப்பா. மூச்சு வருதான்னு."

இரண்டு வருஷமாக, ஒரு ராத்திரி தவறாமல் செய்கிறேன். ஈ பறக்கிற சத்தம்கூட இல்லாமல் செய்வதாக நினைத்திருந்தேன்.

"நான் தூங்குற மாதிரியே கிடப்பேங்க. முழிச்சிருக்கேன்னு தெரிஞ்சா வெக்கப்படுவா. ரெண்டு வருஷமா ரெண்டு பேருக்கும் தூக்கம் இல்லை." சிரித்தார். "நூறு கிலோமீட்டர் ஓடிட்டா கையை எடுத்துடுவான்னு நினைச்சேன். நூறு ஓடுற ஆளுக்கு மூச்சு நிக்குமா, சொல்லுங்க? அவளும் தூங்கணும்ல."

"அவங்க தூங்குவாங்க சார்" என்றேன்.

"நான் நிறுத்திட்டேன்னு அவகிட்ட நீங்க சொல்ல வேண்டாம். நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். தேங்க்ஸ் மேடம்."

அடுத்த மேசைக்குப் பக்கத்தில் முதலுதவிக் கூடாரம் இருந்தது. அங்கிருந்த நர்ஸ் அவர் விரல்களைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தூர வைத்தாள். "எவ்வளவு தண்ணி குடிச்சாரு?" என்று கேட்டாள். மேசைக்கு ஒரு பாட்டில், கவிழ்த்துக் காட்டி, என்றேன். அவள் வேறெதுவும் கேட்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆம்புலன்ஸில் வலிப்பு வந்தது. அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

தண்ணீர் குறைந்ததால் அல்ல, கூடியதால் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். குடித்துக் குடித்து ரத்தத்தில் இருந்த உப்பு நீர்த்துப்போய், மூளை வீங்க ஆரம்பித்திருக்கிறது. இன்னும் ஒரு மேசை தாண்டியிருந்தால், என்று தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எத்தனை பேருக்கு நானே சொல்லியிருப்பேன். அமிர்தத்தைத்தான் சந்தேகப்பட்டோம், தண்ணீரைச் சந்தேகப்படவில்லை.

உப்பை மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டுமாம். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பல் டாக்டர் எழுபதாவதோடு ஓட்டத்தை விட்டுவிட்டு, நெஞ்சில் நம்பரோடு வந்து சேர்ந்தார். டாக்டரம்மா நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, "நான்தான் குடிக்க வச்சேன், நான்தான் குடிக்க வச்சேன்" என்று அழுதுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து, உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட. ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை. அவர் பக்கமே நான் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போனில் பேசினேன்.

மறுநாள் அவருக்குத் தெளிந்தது. என்னைப் பார்த்து, "நீ எப்போ வந்தே?" என்றார். "இப்பத்தான்" என்றேன். அறுபதுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று எதுவும் பிடிபடவில்லை அவருக்கு. விட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரோ ஒரு அம்மா வண்டியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. நல்ல மாதிரி. மரியாதையாப் பேசினாங்க."

"அப்படியா?"

"அவங்ககிட்ட என்னமோ பேசிக்கிட்டே வந்த மாதிரி இருக்கு. ஏதாவது உளறினேனா? உன்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது.

"ஒண்ணும் சொல்லலையே. தேங்க்ஸ் சொன்னீங்களாம், அவ்வளவுதான்."

"நானா?" என்றார். நம்பவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். ஓடுவதைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை, எடுப்பார். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ராத்திரி விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனதும் என் கை தானாகப் போகிறது. மூச்சு சூடாக விரலில் படுகிறது. அவர் துளிக்கூட அசையாமல், தூங்குகிற மாதிரியே கிடக்கிறார். முழித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. முன்னெல்லாம் மூச்சு பட்டதுமே கையை எடுத்துவிடுவேன். இப்போது அவசரப்படுவதில்லை.